அரையடி உயரத்தில் ஒரு மஞ்சள் கோடு

வேலூர் சதுப்பேரிக் கரையில் காலை எட்டரை மணிக்கு நின்று தண்ணீரைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது பெரிய தட்டான்கள்தாம். தலைக்கு மேலே பாய்ந்து போகும், சட்டென்று திரும்பும், அந்தரத்தில் அப்படியே நிற்கும். அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தால் கால்மாட்டில் நடப்பது தெரியாமலே போய்விடும். தண்ணீரும் புல்லும் சேரும் இடத்தில், தரையிலிருந்து அரையடி உயரத்தில், எலுமிச்சை மஞ்சளில் மெல்லிய கோடு ஒன்று புல்லுக்குப் புல் நகரும். உட்கார்ந்த நொடியில் காணாமல் போகும். குந்தி உட்கார்ந்து தேடினால்தான் அது ஊசித்தட்டான் என்று தெரியும்.

மெல்லிய உடம்புள்ள எல்லாத் தட்டானையும் நாம் ஊசித்தட்டான் என்றே சொல்லிவிடுகிறோம். அதற்குள் பல இனங்கள் உண்டு. இந்த மஞ்சள் இனத்தின் அறிவியல் பெயர் செரியாக்ரியான் கோரமண்டேலியானம். டென்மார்க்கைச் சேர்ந்த ஃபப்ரீசியஸ் 1798இல் இதற்கு விளக்கம் எழுதிப் பெயர் வைத்தார். சோழமண்டலம் ஐரோப்பியர் வாயில் கோரமண்டல் ஆனது. அந்தப் பெயரை இரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தாங்கி நிற்கும் பூச்சி நம் நெல்வயல் வரப்பில் உட்கார்ந்திருக்கிறது. இங்கே மஞ்சள் ஊசித்தட்டான் என்றே எழுதுகிறேன்.

முதலில் தட்டானையும் ஊசித்தட்டானையும் பிரித்துக்கொள்ள வேண்டும். தட்டான் உட்காரும்போது இறக்கைகளை விரித்தே வைத்திருக்கும். இந்த மஞ்சள் இனமும் ஏரிக்கரையில் நாம் பார்க்கும் பெரும்பாலான ஊசித்தட்டான்களும் அவற்றை மடித்து முதுகின் மேல் சேர்த்து வைக்கும். பெரும்பாலான தட்டான்களுக்குக் கண்கள் இரண்டும் உச்சந்தலையில் தொட்டுக்கொள்ளும். ஊசித்தட்டானுக்கு அவை தலையின் இரண்டு ஓரத்திலும் குண்டூசித் தலை போல விலகி நிற்கும். முன் இறக்கையும் பின் இறக்கையும் ஏறக்குறைய ஒரே வடிவம். நாம் வால் என்று சொல்வது உண்மையில் வயிறு. பத்துக் கண்டங்களால், அதாவது துண்டுகளால், ஆனது.

மஞ்சள் ஊசித்தட்டானின் ஆணுக்கு அந்த வால் மட்டும் 28 முதல் 30 மில்லிமீட்டர் நீளம். அடியிலிருந்து நுனி வரை ஒரே மஞ்சள், புள்ளியில்லை, வளையமில்லை. மார்பு ஆலிவ் பச்சை, பக்கவாட்டில் மஞ்சளாக இளகும். கண்ணின் மேல்பாதி பச்சை, கீழ்ப்பாதி வெளிர் மஞ்சள். பெண்ணைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். அதன் வால் பழுப்பும் பச்சையும் கலந்து மங்கிய நிறம்; காய்ந்த கோரைத் தாளில் உட்கார்ந்தால் தாளோடு தாளாகிவிடும்.

நிறத்தை மட்டும் நம்பி அடையாளம் சொன்னால் தவறு நேரும். மார்பைப் பாருங்கள். செரியாக்ரியான் வகைகளுக்கு மார்பின் மேல் கருங்கோடு கிடையாது, கண்ணுக்குப் பின்னால் வெளிர்ப் புள்ளியும் கிடையாது. நம் ஏரிகளில் இதோடு சேர்ந்து பறக்கும் மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கருங்கோடு உண்டு. இஷ்னூரா செனகலென்சிஸ் என்ற இனத்தின் ஆணுக்குக் கரிய வால், நுனிக்குச் சற்று முன்னே பளிச்சென்று ஒரு நீலப் பட்டை. அதை யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அதன் இளம் பெண் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், சிக்கல் அங்கேதான் வருகிறது. முதுகில் ஒற்றைக் கருங்கோடு ஓடுகிறதா என்று பார்த்தால் தெளிந்துவிடும். அக்ரியோக்னமிஸ் பிக்மேயா இவற்றிலெல்லாம் பொடியானது, ஆணின் வால் 17 மில்லிமீட்டரைத் தாண்டாது, அளவே காட்டிக்கொடுக்கும். மஞ்சள் ஊசித்தட்டானுக்கு நெருங்கிய உறவு செரியாக்ரியான் செரினோருபெல்லம். அதன் வாலின் அடியும் நுனியும் செங்கல் சிவப்பு, நடுவில் கருமை, மார்பில் நீலம் கலந்த பச்சை. புதிதாகச் சிறகு முளைத்தவற்றுக்கு எந்த இனத்திலும் நிறம் முழுதாக ஏறியிருக்காது. இறக்கை கண்ணாடிக் காகிதம் போல மினுங்கி, பறப்பு தள்ளாட்டமாக இருந்தால் பெயர் சொல்ல அவசரப்பட வேண்டாம்.

எங்கே பார்ப்பது? வேலூர் வட்டாரத்தில் இதற்காகக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. அமிர்தி பக்கம் கல்லிடுக்கில் விழுந்து ஓடும் ஓடையில் தேடுவதும் வீண். நிற்கும் நீர், அல்லது நகர்வதே தெரியாத நீர்தான் இதன் இடம். ஏரியின் பின்பகுதியில் தண்ணீர் ஆழமில்லாமல் பரந்து புல்லுக்குள் நுழையும் இடம், மதகுக்குக் கீழே கசிவு நீர் தேங்கும் குழி, பாலாற்று மணலில் மழைக்குப் பின் எஞ்சும் குட்டை, படிக்கட்டில் செடி முளைத்த தரைக்கிணறு, நெல் வயல் எல்லாம் ஏற்றவை. இவற்றையெல்லாம் விட என் முதல் தேர்வு பம்ப்செட் தொட்டி. மோட்டார் ஓடும்போது தொட்டி வழிந்து, வாய்க்கால் தலைப்பில் பொன்னாங்கண்ணியும் வள்ளைக்கொடியும் அடர்ந்திருக்கும். கத்திரி வெயிலில் ஏரிகள் வெடித்துக் கிடக்கும்போதும் அங்கே நாலு முழம் ஈரம் மிச்சமிருக்கும். இதன் இளவுயிரி, அதாவது முட்டையிலிருந்து வந்து இன்னும் இறக்கை முளைக்காத பருவம், நீரில் செவுளால் மூச்சு விடுவது. சேறு காய்ந்தால் தாங்காது. ஐப்பசியில் ஏரி நிரம்பியதும் அங்கே திரும்பக் குடியேறுபவை இந்தத் தொட்டிகளிலும் வற்றாத கிணறுகளிலும் கோடையைக் கழித்தவற்றின் வாரிசுகள்தாம்.

காவேரிப்பாக்கம் ஏரி போன்ற பெருநீர்ப்பரப்பில் நடுத்தண்ணீரை விட்டுவிடுங்கள். பாலாறு அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழி நிரம்பும் அந்த ஏரி கடல் போலத் தெரிந்தாலும், இந்தப் பூச்சிக்கு அதில் உதவுவது ஓரத்தில் ஒரு சில அடி அகலத்துக்கு ஓடும் செடி விளிம்பு மட்டுமே. வேலூர்க் கோட்டை அகழியில் தண்ணீர் நிறைந்து நிற்கும். ஆனால் செங்குத்தான கற்சுவர் நேராகத் தண்ணீரில் இறங்குமிடத்தில் முட்டை வைக்கத் தண்டுமில்லை, ஒளிந்துகொள்ளப் புல்லுமில்லை. சுவரிடுக்கில் செடி தொங்கும் இடத்திலும் மிதக்கும் இலை படரும் இடத்திலும்தான் தேட வேண்டும்.

செடி ஏன் இவ்வளவு முக்கியம் என்பது முட்டை வைக்கும் விதத்தைப் பார்த்தால் புரியும். பல தட்டான்கள் பறந்தபடியே வால் நுனியைத் தண்ணீரில் தட்டித் தட்டி முட்டையை உதிர்த்துவிட்டுப் போகும். ஊசித்தட்டானுக்கு அது கூடாது. பெண்ணின் வால் நுனிக்கு அடியில் ரம்பப் பல் கொண்ட முட்டையிடும் உறுப்பு இருக்கிறது. அதை வைத்துத் தண்டிலோ இலையிலோ கீறி, கீறலுக்கு ஒன்றாக முட்டையைச் செருகும். ஆகவே சதைப்பற்றுள்ள, மெத்தென்ற செடி வேண்டும்: அல்லி இலை, வள்ளைத் தண்டு, பொன்னாங்கண்ணித் தண்டு. கருங்கல்லிலும் சிமென்ட்டிலும் பிளாஸ்டிக் விரிப்பிலும் கீற முடியாது.

இணை சேர்வது கூர்ந்து பார்க்கத் தக்கது. ஆணுக்கு விந்து வெளிவருவது வாலின் ஒன்பதாம் கண்டத்தில், கலவி உறுப்பு இருப்பதோ இரண்டாம் கண்டத்தில். முதலில் வாலை வளைத்து விந்தை அங்கே மாற்றி வைத்துக்கொள்ளும். வால் நுனியிலுள்ள கொக்கிகளால் பெண்ணின் கழுத்துக்குப் பின்னுள்ள மார்பின் முன்பகுதியைப் பற்றும். பெண் தன் வாலை முன்னோக்கி வளைத்து ஆணின் இரண்டாம் கண்டத்தைத் தொடும்போது இரண்டும் சேர்ந்து ஒரு வளையமாகத் தெரியும். முடிந்த பிறகும் ஆண் பிடியை விடாது. அப்படியே பறந்து ஓர் அல்லி இலையில் இறங்கும். பெண் இலை விளிம்பில் முட்டை செருகிக்கொண்டிருக்க, ஆண் அதன் கழுத்தில் நட்ட குச்சி போல, காலெல்லாம் மடக்கி, செங்குத்தாக நிற்கும். வேறு ஆண் வந்து பெண்ணைப் பறித்துவிடக் கூடாது என்ற காவல் அது. நடுக்காலையில் இலைப்பரப்பின் மேல் நெட்டுக்குத்தாக ஒரு மஞ்சள் குச்சி தெரிந்தால் அங்கே முட்டை வைப்பு நடக்கிறது. கிட்டே போகாதீர்கள்; உங்கள் நிழல் மேலே விழுந்தாலே கிளம்பிவிடும். எதிர்வெயில் முகத்தில் அடித்தாலும் பரவாயில்லை, நிழல் உங்கள் முதுகுப் பக்கம் விழும்படி குந்துங்கள்.

நம் சூட்டில் முட்டை சில நாளிலிருந்து ஒரு வாரம் போல ஆனதும் பொரிந்துவிடும். வெளிவரும் இளவுயிரி தண்ணீருக்குள் செடி இடுக்கில் பதுங்கி வாழும். அதைப் பார்க்க ஒரு டீ வடிகட்டி, ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு விரல் அளவு தண்ணீர் போதும். செடி வேரோடு சேர்த்து வடிகட்டியை மெல்ல இழுத்து, தட்டில் கவிழ்த்து, இரண்டு நிமிடம் கலக்காமல் விடுங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. குப்பை அடங்கியதும் பச்சையோ பழுப்போ ஆன சிறு உருவம் மீன் போல உடம்பை நெளித்து நகரும். வால் நுனியில் மூன்று மெல்லிய இலைகள் இருக்கும், அவைதாம் செவுள். இங்கே பலரும் ஏமாறுவது மே ஈ என்ற வேறொரு பூச்சியின் இளவுயிரியிடம். அதற்கும் பெரும்பாலும் மூன்று வால் உண்டு, ஆனால் அவை நூல் போல மெலிந்திருக்கும். போதாததற்கு வயிற்றின் இருபுறமும் செவுள்கள் அசைந்துகொண்டே இருக்கும். ஊசித்தட்டானுக்கு வயிற்றோரம் ஒன்றும் அசையாது. செவுள் ஒன்றோ இரண்டோ குறைந்து காணப்பட்டால் வேறு இனம் என்று எண்ண வேண்டாம். எதிரி பிடித்தால் செவுளை விட்டுவிட்டு ஓடிவிடும், பிறகு வளர்ந்துகொள்ளும்.

கீழுதடுதான் அதன் ஆயுதம். மடித்து முகத்துக்கு அடியில் வைத்திருக்கும் அதை நொடிக்குள் நீட்டி, நுனிக் கொக்கியால் இரையைப் பிடித்து வாய்க்கு இழுக்கும். கொசுப்புழு, தண்ணீர்த்தெள்ளு, மற்ற இளவுயிரிகள் என்று கிடைப்பதைத் தின்னும். பல முறை தோலுரித்து வளர்ந்ததும் கோரைத் தாளைப் பற்றி நீருக்கு வெளியே ஏறும். முதுகு வெடித்து உள்ளிருந்து மெத்தென்ற பூச்சி வெளிவரும். இறக்கை விரிந்து உலரும்வரை அசைய முடியாது. எறும்பும் சிலந்தியும் வேட்டையாடுவது அப்போதுதான். தண்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் காலிச் சட்டை காற்றில் உதிரும்வரை அங்கேயே இருக்கும். ஒரு குட்டையில் இந்தப் பூச்சி உண்மையிலேயே பிறக்கிறதா, வெறுமனே வந்து போகிறதா என்று முடிவு சொல்ல இந்தச் சட்டையை விட நல்ல சான்று இல்லை. பறப்பதை எண்ணி ‘இங்கே இனப்பெருக்கம் நடக்கிறது’ என்று எழுதிவிடுகிறோம், அது போதாது.

வளர்ந்த பூச்சியின் மார்புக்கு அடியில் சில சமயம் கடுகை விடச் சிறிய சிவப்பு மணிகள் கொத்தாக ஒட்டியிருக்கும். முட்டை என்று பலர் படம் போடுகிறார்கள். அவை நீர்ச் சிற்றுண்ணிகள். தட்டானாக மாறும் நேரத்தில் ஏறிக்கொண்டு, உடல் நீரை உறிஞ்சி வளர்ந்து, அந்தப் பூச்சி தண்ணீருக்குத் திரும்பும்போது உதிர்ந்துவிடும். பிடுங்கி எடுக்க முயன்றால் ஊசித்தட்டானின் கால்தான் கையோடு வரும்.

நெல் வயலில் இதற்கு வேலை அதிகம். தத்துப்பூச்சியும் சிறு அந்துப்பூச்சியும் தாளுக்குத் தாள் இடம் மாறும்போது, கால்களின் முள்மயிரையே கூடையாக்கிப் பிடித்துத் தின்கிறது. தன்னை விடச் சிறிய ஊசித்தட்டான்களையும் விடாது. நவரைப் பட்டத்தில் நாற்று வேர்பிடித்து வயலில் தண்ணீர் நிலையாக நின்றதும் வரப்போரம் எண்ணிக்கை கூடும். மருந்து அடித்தால் பறப்பவை பக்கத்து வரப்புக்குப் போகலாம், தண்ணீரில் இருக்கும் இளவுயிரி எங்கே போகும்? அடித்த மறுநாள் நாலு மஞ்சள் பூச்சி பறக்கிறது என்பதால் ஒன்றும் ஆகவில்லை என்று நினைப்பது தவறு. அடுத்த தலைமுறை வயல் தண்ணீரில்தான் இருந்தது. வரப்புப் புல்லை ஒரேயடியாகச் செதுக்காமல் ஒரு வரப்பு விட்டு ஒரு வரப்பாகச் செதுக்கினால் ஒதுங்க இடம் இருக்கும்.

ஒரு நம்பிக்கையை இங்கே உடைத்தாக வேண்டும். ‘தட்டான் பறந்தால் தண்ணீர் சுத்தம்’ என்று மேடையிலும் பாடத்திலும் சொல்கிறார்கள். ஓடும் மலை நீரை நம்பி வாழும் சில இனங்களுக்கு அது பொருந்தலாம். மஞ்சள் ஊசித்தட்டானுக்குப் பொருந்தாது. சமையலறைக் கழிவு கலந்த வாழைத்தோட்டக் குழியிலும் அது வாழும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவின் உப்பும் குரோமியமும் பாலாற்றிலும் நிலத்தடி நீரிலும் சேர்ந்த கதை ஊரறிந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வந்த வழக்கு. அத்தகைய இடத்துத் தண்ணீரைச் சோதனைச்சாலைதான் சோதிக்க வேண்டும். பூச்சியைக் காட்டி நற்சான்று தரக் கூடாது. சற்றே உவர்த்த நீரிலும் இஷ்னூரா செனகலென்சிஸ் பறந்துகொண்டிருக்கும். மஞ்சள் ஊசித்தட்டான் நமக்குச் சொல்லும் செய்தி வேறு. இந்த நீரின் ஓரத்தில் உயிருள்ள செடி இருக்கிறது, ஆண்டு முழுக்க எங்கோ அருகில் ஈரம் இருக்கிறது, பூச்சிமருந்து எல்லாவற்றையும் அழித்துவிடவில்லை. அந்த மூன்றுமே நாம் விரைவாக இழந்துகொண்டிருப்பவை.

அதனால்தான் ஏரி சீரமைப்பு என்றாலே ஓரத்தைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. தூர் வாருவது தேவைதான். மண் மேடிட்ட ஏரியில் தண்ணீர் தங்காது. ஆனால் பொக்லைன் இறங்கினால் கரையிலிருந்து கரை வரை வழித்தெடுத்து, சரிவை நேராக வெட்டி, மேலே நடைபாதைக் கல் பதித்துவிடுகிறார்கள். பார்க்கப் பளிச்சென்று இருக்கும். முதல் மழையில் தண்ணீர் நிரம்பும், ஆனால் முட்டை வைக்கத் தண்டு இருக்காது. கேட்க வேண்டியது அதிகமில்லை. கரை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது இந்த ஆண்டு தொடாமல் விடுங்கள், அடுத்த ஆண்டு அதை எடுத்துக்கொள்ளலாம். பின்பகுதியில் ஓரிடத்தையாவது முழங்கால் ஆழச் சரிவாக விடுங்கள். ஆகாயத்தாமரையை எடுக்கும்போது கோரையையும் அல்லியையும் சேர்த்து அள்ளாதீர்கள். ஆகாயத்தாமரை முழுப் பரப்பையும் மூடினால் அடியில் வெளிச்சமும் காற்றும் போய் இளவுயிரி திணறும். அதை எடுப்பதில் இரண்டு கருத்தில்லை. வாரிய செடியை உடனே லாரியில் ஏற்றாமல் ஓர் இரவு தண்ணீரோரம் போட்டால் அதற்குள் இருக்கும் உயிர்களில் சில ஊர்ந்து திரும்பும்.

வீட்டில் தொட்டி வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வைக்கலாம், வாரா வாரம் கவனிக்க முடியும் என்றால் மட்டும். மூன்றடி அகலக் கிணற்று உறை ஒன்றை அடைத்துக் கட்டினால் போதும். புதுச் சிமென்ட்டில் சுண்ணாம்பு கசியும், எனவே மூன்று வாரம் தண்ணீர் விட்டு விட்டுக் கொட்டுங்கள். அடியில் நாலு விரல்கட்டை உயரத்துக்கு எரு கலக்காத களிமண், அதன் மேல் ஒரு விரல்கட்டை மணல். எரு போட்டால் ஒரு வாரத்தில் தண்ணீர் பச்சைச் சாந்தாகும், நாறும். தண்ணீர் ஒன்றரை அடி. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் இரண்டு நாள் திறந்து வைத்துவிட்டுச் செடி வையுங்கள். ஓர் அல்லிக் கிழங்கு, ஓரமாகச் சாயும் பொன்னாங்கண்ணி, ஒரு சிறு சட்டியில் கோரை ஐந்தாறு தாள், தண்ணீருக்குள் வளரும் வேலம்பாசி ஒரு பிடி. இலை பாதிப் பரப்பை மூடினால் சரி, முழுக்க மூடினால் கத்தரியுங்கள். காலை வெயில் நாலைந்து மணி நேரம் விழ வேண்டும், பிற்பகலில் நிழல் வேண்டும். சித்திரையில் நாள் முழுக்க வெயில் பட்டால் சிறு தொட்டித் தண்ணீர் கையை வைக்க முடியாதபடி சுடும்.

மீன் விடாதீர்கள். கப்பியும் கம்பூசியாவும் கொசுப்புழுவைத் தின்னும். ஊசித்தட்டான் குஞ்சையும் சேர்த்துத் தின்னும். அப்படியானால் கொசு? இதை மறைக்கக் கூடாது: ஊசித்தட்டான் வந்து சேரும்வரை தொட்டி கொசுவுக்குத்தான் பயன்படும், வந்த பிறகும் அது மட்டுமே கொசுவை ஒழித்துவிடாது. முதல் இரண்டு மாதம் வாரத்துக்கு இருமுறை மெல்லிய வலையால் புழுவை வாருங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். தண்ணீர் குறைந்து மீண்டும் நிரப்பும்போது அவை பொரியும். ஆகவே மட்டம் இறங்க விடாமல் தினம் கொஞ்சம் ஊற்றுவதும், நீர்க்கோட்டுக்கு மேலுள்ள சுவரை வாரம் ஒருமுறை தேங்காய் நாரால் தேய்ப்பதும் கட்டாயம். கொசு ஒழிப்புப் பணியாளர் வந்தால் தொட்டியைக் காட்டி முன்பே பேசிவிடுங்கள். டெமிபாஸ் என்ற புழுக்கொல்லி மருந்தை ஊற்றினால் கொசுப்புழுவோடு மற்ற பூச்சிகளும் சாகும். கொசுப்புழுவைக் குறிவைக்கும் பி.டி.ஐ. பாக்டீரியா மருந்து இளவுயிரியை அனேகமாகத் தொடாது. சிறு குழந்தை உள்ள வீட்டில் தொட்டி மேல் கம்பி வலைச் சட்டம் போடுங்கள். ஒன்றரை அடித் தண்ணீர் ஆபத்தான ஆழம். சட்டத்தின் கண் இரண்டு அங்குலமாவது இருந்தால் பூச்சி நுழையும்.

ஏரியிலிருந்து பிடித்து வந்து விட வேண்டாம். பக்கத்தில் வயலோ குட்டையோ இருந்தால் தானாக வரும். ஒன்றை மட்டும் மறந்துவிடுகிறார்கள்: வழவழப்பான சுவரில் இளவுயிரியால் ஏற முடியாது. சொரசொரப்பான மூங்கில் குச்சி இரண்டை, பாதி தண்ணீரிலும் ஓரடி வெளியிலும் இருக்கும்படி, சாய்த்து நடுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, காலையில், வெயில் ஏறுமுன் அந்தக் குச்சிகளைத் தண்ணீருக்கு மேல் இரண்டு மூன்று விரல்கட்டை உயரத்தில் தேடுங்கள். முதுகு பிளந்த, ஒரு சின்னஞ்சிறு பழுப்புச் சட்டை ஒட்டிக்கொண்டிருக்கலாம்.